யாரிடம் கேட்டு எடுத்தாள்

ஜூன் 3, செவ்வாய்

காலையில் கஞ்சி அரை டம்ளர் குடித்தாள். தாடை வழியாக ஒழுகியதைக் கழித்துத்தான் சொல்கிறேன். மூத்திரப் பையை ஆயா வந்து வடித்தாள். நிறம் மஞ்சள். மோஷன் இல்லை.

இதை நர்ஸ் எப்சிபா பிள்ளை படிப்பதற்காகச் சொல்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது, கைநாட்டுத்தான். இந்த வார்டில் முப்பது கட்டிலுக்கு மேல் கிடக்கிறது. ஷிப்டுக்கு ஒரே நர்ஸ். யார் என்ன சாப்பிட்டார்கள், எவ்வளவு போனது என்று கட்டில் கட்டிலாக வந்து கேட்டு எழுத அவளுக்கு ஏது நேரம்? கூட இருக்கிறவர்களையே குறித்துவைக்கச் சொல்லிவிட்டாள். எழுதத் தெரிந்தவர்கள் தாளில் எழுதுகிறார்கள். எனக்கு என் போனிலேயே ஒரு வழி செய்து தந்தாள். மைக் படத்தை அமுக்கிப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளுமாம். ட்யூட்டிக்கு வந்ததும் போனை வாங்கிப் படித்து, சார்ட்டில் ஏற்றிக்கொள்வாள்.

முதலில் ஊர்ப் பேச்சில் பேசினேன். போன் என்னத்தையோ கிறுக்கிவைத்தது. படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"தாத்தா, ரேடியோவுல செய்தி வாசிப்பாவல்லா, அது மாதிரி பேசுங்க. அப்பதான் இதுக்கு வெளங்கும்."

எனக்கு அது கஷ்டமில்லை. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே முப்பது வருஷம் சைக்கிள் ஸ்டாண்டு நடத்தியவன் நான். நாள் முழுக்க ரேடியோதான் துணை. யாருக்கும் டோக்கன் கொடுத்ததில்லை. எந்தச் சைக்கிள் யாருடையது என்பது மனசில் இருக்கும். தாலுகா ஆபீஸ் வேலாயுதத்தின் வண்டிக்குப் பின் மட்கார்டு கிடையாது. பால்காரர் சூசையின் வண்டியில் பெல் இடது பக்கம். இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். ஒருவர் வண்டியை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்தேன் என்று ஒரு வாய்கூடச் சொன்னதில்லை.

என் பெயர் உச்சிமாகாளி. கட்டிலில் கிடப்பது என் வீட்டுக்காரி சண்முகத்தாய். வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல்தான் மிச்சம்: ஆமா. தண்ணீர் வேண்டுமா என்றால் ஆமா. வேண்டாமா என்றாலும் ஆமா. மற்றவர்கள் காதுக்கு எல்லாம் ஒன்றுதான். எது வேண்டும் என்கிற ஆமா, எது வேண்டாம் என்கிற ஆமா என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 4, புதன்

இட்லி ஒன்று, பாலில் கரைத்து. இருமல் இல்லை. தலை வாரி, எண்ணெய் தடவி, கொண்டை போட்டுவிட்டேன். கொண்டை போட எனக்கு வரவில்லை. எதிர்க் கட்டிலில் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் வள்ளிமயில்தான் சரிசெய்தாள்.

நான் போனில் பேச ஆரம்பித்தால் அவளுக்குக் கேலி. "என்ன பெரியப்பா, ஆகாசவாணி ஆரம்பிச்சாச்சா? எங்க மாமியா மோஷன் போனதையும் சேத்து வாசிச்சிருங்க."

எப்சிபா பிள்ளை மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைச் சாயங்காலம்தான் திறந்தாள். இரண்டு வாய்தான் வைத்தாள். அதற்குள் யாரோ கூப்பிட்டுவிட்டார்கள். மூடிவைத்துவிட்டுப் போய்விட்டாள். இதை அவளே படிப்பாள். படிக்கட்டும். சாப்பிடு தாயி.

ஜூன் 6, வெள்ளி

காலையில் கஞ்சி கால் டம்ளர். மத்தியானம் ஒன்றும் இறங்கவில்லை.

மூத்திரக் குழாய் எங்கேயோ நழுவி, படுக்கை முழுக்க ஈரமாகிவிட்டது. கூப்பிட்டேன். ஆள் இல்லை. மறுபடி போய்க் கூப்பிட்டேன். "வாரேன் தாத்தா" என்றாள், வரவில்லை. கடைசிக் கட்டிலில் ஒருவருக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்ததாம். இவள் ஈரத்திலேயே கிடந்தாள். வெளியே சாரல் காற்று, உடம்பு நடுங்கியது. பிள்ளை வந்து சேர்ந்தபோது நான் ஒரு வார்த்தை கேட்டேன். பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை.

அவள் குழாயைச் சரிசெய்தாள். துடைத்து, விரிப்பை மாற்றினாள். உலர்ந்த விரிப்பு பட்டதும் சண்முகத்தாய் அப்படியே அசந்து தூங்கிவிட்டாள். அழுக்குத் துணியை அலசிக்கொண்டு நான் திரும்பி வந்தபோது, பிள்ளை கட்டில் பக்கத்துத் திரைக்குள் நின்று போனை முகத்துக்கு நேரே பிடித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டே பேசினாள். அவள் அம்மாவுடன் பேசுகிறாள் என்று நினைத்து வெளியிலேயே நின்றேன். நேற்று ராத்திரி ட்யூட்டிக்கு வந்தவள், மாற்று நர்ஸ் வராததால் பகலும் சேர்த்துப் பார்க்கிறாள் என்று வள்ளிமயில் பிறகு சொன்னாள்.

சாயங்காலம் பால் கால் டம்ளர்.

ஜூன் 7, சனி

கஞ்சி அரை டம்ளர். மோஷன் ஒரு தடவை. பிள்ளைக்கு இன்று லீவு.

ஜூன் 8, ஞாயிறு

திருப்பூரிலிருந்து என் மகன் இசக்கிராஜ் போன் போட்டான். எடுத்ததும் கத்தல்.

"எப்பா, நீங்க அங்கன என்ன பாத்துக்கிட்டு இருந்திய? அம்மைய இந்தக் கோலத்துல ஊரே பாக்குது. எங்க கம்பெனில அத்தன பேரு போன்லயும் ஓடுது!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வள்ளிமயிலிடம் கேட்டேன். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போனை நீட்டினாள்.

எப்சிபா பிள்ளைதான். வெள்ளிக்கிழமை அழுதுகொண்டே பேசியது அம்மாவுடன் அல்ல.

"முப்பத்திநாலு பேருக்கு நான் ஒருத்தி. நேத்து நைட்டு வந்தவ, இன்னும் வீட்டுக்குப் போகல. பாத்ரூம் போக நேரமில்ல. கேட்டா ஆள் இல்லங்காவ. ஒரு ஆச்சி ஈரத்துலயே கெடந்துட்டாவ, அது நான் செஞ்ச தப்பா? இப்ப ஒரு தாத்தா கேக்காரு, ஈரத்துணி மாத்தத் துப்பில்ல, உனக்கெல்லாம் எதுக்குட்டி இந்த வெள்ள உடுப்புன்னு. நாங்களும் மனுசங்கதான?"

எந்தத் தாத்தா என்று அவள் சொல்லவில்லை. வார்டில் தாத்தாக்கள் பலர் உண்டு.

அவள் முகத்துக்குப் பின்னால் கட்டில் தெரிந்தது. சண்முகத்தாய் வாய் திறந்தபடி தூங்குகிறாள். கொண்டை அவிழ்ந்து கிடக்கிறது. நைட்டி தொடைக்கு மேலே ஏறியிருக்கிறது. பக்கத்தில் அந்தப் பை தொங்குகிறது. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் கொண்டை முடியாமல் அவள் வாசலுக்குக் கோலம் போடக்கூடப் போனதில்லை.

பிள்ளை தன் ஸ்டேட்டஸில் போட்டாளாம். சிநேகிதிகள் பார்க்கட்டும் என்று. அதை எவனோ எடுத்து ஊர்க் குழுக்களில் எல்லாம் போட்டுவிட்டானாம். நர்ஸ் பாவம் என்று எழுதுகிறவர்கள் ஆயிரம் பேர். பின்னால் கிடக்கிறவள் பாவம் என்று யாராவது எழுதியிருக்கிறார்களா என்று கேட்டேன். வள்ளிமயில் தேடிப் பார்த்துவிட்டு, "இல்ல பெரியப்பா" என்றாள்.

இன்று என்ன சாப்பிட்டாள் என்று கவனிக்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

பிள்ளை ட்யூட்டிக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"தாத்தா, போனக் குடுங்க, பாத்துக்கிடுதேன்."

"சார்ஜ் இல்ல."

போன் என் மடியில் வெளிச்சமாகத்தான் இருந்தது. அதைப் பார்த்தாள். எதுவோ சொல்ல வாயெடுத்தாள். நான் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது சண்முகத்தாயை இடது பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, முதுகில் பவுடர் போட்டுவிட்டுப் போயிருந்தாள். அதில் குறை சொல்ல முடியாது.

கொஞ்ச நேரத்தில் அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். வள்ளிமயிலுக்கு எல்லாச் செய்தியும் வந்து சேரும்.

"வேலைக்குச் சேரும்போதே ஒரிஜினல் சர்டிபிகேட்டெல்லாம் வாங்கி ஆபீஸ் பீரோவுல வச்சுப் பூட்டிருவாவளாம் பெரியப்பா. இப்ப கெட்ட பேரு எழுதித் தொரத்துனா, அதயும் குடுக்க மாட்டாவ. அது இல்லாம எந்த ஆஸ்பத்திரில சேப்பான்? படிச்ச படிப்பு அம்புட்டும் போச்சு."

போகட்டும் என்றுதான் இன்று மனசு சொல்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

மேனேஜர் வந்தார். இதுவரை இந்த வார்டுக்குள் அவரை நான் பார்த்ததில்லை. இளநீரோடு வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, உங்க மகன் போன்ல ரொம்ப வருத்தப்பட்டாரு. நியாயம்தான். எங்க வீட்டுப் பெரியவங்களா இருந்தா நாங்க சும்மா இருப்போமா? அந்தப் பொண்ணு வேலை ஜாஸ்தின்னு சொன்னதப் பத்தி எங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ஒரு பேஷண்ட்டோட மானத்த வெளில விட்டா பாருங்க, அதுதான் மன்னிக்க முடியாதது. உங்ககிட்டக் கேட்டா எடுத்தா?"

"கேக்கல."

"அத நாளைக்கு ஒருதடவை காமிரா முன்னால சொல்லிருங்க. எழுதிக் குடுங்கன்னு உங்களக் கஷ்டப்படுத்த முடியாதுல்லா. வாய் வார்த்தையே போதும். மத்தத நாங்க பாத்துக்கிடுதோம். பாட்டிக்கு மேல தனி ரூம் ஒண்ணு காலியாகுது. கை காலுக்குப் பயிற்சி குடுக்க தினமும் ஆள் வரும்."

வேலை ஜாஸ்தியைப் பற்றி ஒன்றும் இல்லை என்றார். முப்பத்திநாலு என்பது சரியா, தப்பா என்றுகூட அவர் சொல்லவில்லை. எனக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

அவள் கேட்கவில்லை. அது உண்மை. உண்மையைச் சொல்வதற்கு எதற்கு யோசிக்க வேண்டும்?

இளநீர் நாலு ஸ்பூன் குடித்தாள்.

ஜூன் 11, புதன்

மத்தியானம் நாலு பேர் வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். மேனேஜர், நர்சுகளுக்குப் பெரியவளான சூப்பிரண்டு அம்மா, போனில் படம் எடுக்க ஒரு பையன், எப்சிபா பிள்ளை. திரையை மூடவில்லை. வார்டே பார்த்தது.

மேனேஜர் முதலில் அவளைக் கேட்டார். "யார்கிட்டக் கேட்டு எடுத்த?"

பிள்ளை தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "ஆச்சிட்டக் கேட்டேன் சார். ஆமான்னாவ."

மேனேஜர் சிரித்தார். "யாரு, இந்தப் பாட்டி ஆமான்னாங்களா? சரி, நாமளும் கேட்டுப் பாப்போம்." பையனைப் பார்த்து, கிட்டே வந்து எடு என்று சைகை காட்டினார். பிறகு குனிந்து, "பாட்டி, நீங்கதான் இந்த ஆஸ்பத்திரிக்கு முதலாளியா?" என்றார்.

"ஆமா."

பையன் சிரித்தான்.

"நேத்து குற்றாலத்துல போய்க் குளிச்சிட்டு வந்திங்களாமே?"

"ஆமா."

பக்கத்துக் கட்டில்காரர்களும் சிரித்தார்கள். எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து, தன்னிடம் பிரியமாகப் பேசுகிறார்கள் என்று நினைத்து அவளும் கோணிய வாயோடு சிரித்தாள்.

"இன்னொரு கல்யாணம் பண்ணிக்கிடுதியளா?"

இந்தத் தடவையும் ஆமா என்றுதான் சொன்னாள். அது வேண்டாம் என்கிற ஆமா. அப்போதுதான் அவளுக்குப் புரிந்துவிட்டது. இடது கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. பையன் அதையும் எடுத்துக்கொண்டிருந்தான்.

நான் கேட்டேன்: "இத எடுக்கதுக்கு யார்ட்ட வே கேட்டிய?"

மேனேஜர் நிமிர்ந்தார். "இது ஆபீஸ் விசாரணை ஐயா. நீங்க ஒண்ணே ஒண்ண மட்டும் சொல்லுங்க. அந்த வீடியோ எடுக்கும்போது இந்தப் பொண்ணு உங்ககிட்ட அனுமதி கேட்டாளா?"

போன் என் பக்கம் திரும்பியது.

"கேட்டா. எடுத்துக்கோ தாயின்னு நான்தான் சொன்னேன்."

"நேத்து கேக்கலன்னு சொன்னிங்களே?"

"நேத்து மறந்துபோச்சு. வயசாயிட்டுல்லா."

வள்ளிமயில் வாயைப் பொத்திக்கொண்டாள். என் ஞாபகத்தைப் பற்றி நான் வாரம் முழுக்க அளந்ததைக் கேட்டவள் அவள். பிள்ளை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. சண்முகத்தாயின் நைட்டியை இழுத்துவிட்டு, கண்ணைத் துடைத்தேன்.

எனக்கு மறதி வந்துவிட்டது. நேற்றிலிருந்துதான்.

ஜூன் 12, வியாழன்

இசக்கிராஜ் போன் போட்டான்.

"ஒரு வார்த்த கேக்காம எடுத்துட்டான்னு நான் அங்கன சண்ட போட்டுருக்கேன். நீங்க எடுக்கச் சொன்னேங்கிய. அப்பம் நான் பொய்யனா? கட்டுன பொஞ்சாதி அப்பிடிக் கெடக்கதப் படம் எடுக்கச் சொல்லுத புருசன் ஒலகத்துல உண்டா? இனிமே எனக்குப் போன் போடாதிய."

வைத்துவிட்டான். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

கஞ்சி கால் டம்ளர்.

ஜூன் 13, வெள்ளி

உடம்பு நிலையாகிவிட்டது, வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். போன வாரம், இன்னும் ஒரு மாதமாவது இருக்க வேண்டும் என்று சொன்ன அதே டாக்டர்தான் சொன்னார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. மேல்மாடித் தனி ரூம் பற்றி யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

பிள்ளை விஷயத்தையும் வள்ளிமயில்தான் சொன்னாள். வீட்டுக்காரரே சொல்லி எடுத்தது என்றான பிறகு, கெட்ட பேர் எழுதித் துரத்த வழியில்லையாம். அதனால் நர்ஸ் உடுப்போடு நிற்கவைத்து, "நான் சொன்னதெல்லாம் பொய், இங்கே எந்தக் குறையும் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று பேசவைத்துப் படம் எடுத்தார்களாம். அழுகிறாள் என்று மறுபடி மறுபடி எடுத்தார்களாம். அழாமல் சொன்னதும், தானாக விலகுகிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு சர்டிபிகேட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

"நீங்க மட்டும் அன்னைக்கு மறக்காம இருந்திருந்தா, அந்தப் பிள்ள கதி என்ன ஆகியிருக்கும் பெரியப்பா?" என்றாள் வள்ளிமயில். கண்ணைச் சிமிட்டினாள். நான் பாத்திரங்களைக் கூடையில் அடுக்கினேன்.

சங்கரன்கோவில் வரை வேனில் கிடத்திக் கொண்டுவந்தேன். பாதை முழுக்கக் குழி. ஒவ்வொரு குழிக்கும் முனகினாள்.

ஜூன் 17, செவ்வாய்

இதை இனி யார் படிக்கப்போகிறார்கள்? ஆனாலும் சொல்லாவிட்டால் நாள் முடியாத மாதிரி இருக்கிறது.

கஞ்சி கால் டம்ளர். ஒரு ஆளாகத் திருப்பிப் படுக்கவைக்க முடியவில்லை. இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருக்கிறது. உடம்புச் சூட்டினால் இருக்கும். வேறொன்றும் இல்லை.

ஜூன் 21, சனி

சிவந்த இடம் உரிந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவினேன். சரியாகிவிடும்.

ஜூன் 23, திங்கள்

தெருப் பெண்கள் பார்க்க வந்தார்கள். நான் கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் கோடி வீட்டு மாரித்தங்கம், "பாருங்க மதினி, நீங்க எங்க போன்ல எல்லாம் வந்துட்டிய" என்று அந்தப் படத்தை அவளிடமே காட்டியிருக்கிறாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தாளாம். நான் உள்ளே நுழையும்போது பிள்ளையின் அழுகைச் சத்தம் போனில் ஓடிக்கொண்டிருந்தது. சண்முகத்தாய் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றும் சாப்பிடவில்லை. தண்ணீர்கூட இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

ஒன்றும் இல்லை. தலை வாரவும் விடவில்லை. இடது கையால் சீப்பைத் தட்டிவிட்டாள்.

ஜூன் 25, புதன்

சாயங்காலம் கஞ்சி நாலு ஸ்பூன். புண்ணில் நாற்றம் இருக்கிறது. இதை நான் யாரிடம் காட்டுவேன்?

ஜூன் 29, ஞாயிறு

கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டுப் போனேன். சுடிதார் போட்ட ஒரு பெண், கையில் பழப்பை. உடுப்பு இல்லாமல் எனக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. "தாத்தா" என்ற பிறகுதான் எப்சிபா பிள்ளை என்று தெரிந்தது. சர்ச்சில் ஆராதனை முடிந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள். கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டதாம். நாளைக்குச் சேர வேண்டுமாம்.

"சந்தோசம் தாயி."

"அன்னைக்கு ஏன் தாத்தா அப்பிடிச் சொன்னிய?"

"நீ ஏன் அப்பிடிச் சொன்ன?"

பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "பயந்துட்டேன் தாத்தா. ஆச்சி தூங்கிட்டு இருந்தாவ. என் மூஞ்சிய மட்டும்தான் பாத்து எடுத்தேன். பின்னால அவிய தெரிஞ்சத வீட்டுக்குப் போய்த்தான் பாத்தேன். ஒடனே அழிச்சிட்டேன். அதுக்குள்ள போயிட்டு."

"தூங்குனது எனக்குத் தெரியும்."

"மறந்துபோச்சுன்னிய?"

உள்ளிருந்து காற்று வந்தது. பிள்ளையின் மூக்கு சுருங்கியது. அவளுக்கு விளங்கிவிட்டது. முகம் மாறிவிட்டது.

"தாத்தா, ஆச்சிக்குப் படுக்கப் புண்ணு வந்துட்டா? எவ்வளவு பெருசு? தள்ளுங்க, நான் பாக்கேன்."

தெய்வம் அனுப்பிய மாதிரி வந்து நிற்கிறாள். நாலு நாளாக இப்படி ஒருத்தர் வரமாட்டார்களா என்றுதான் கிடந்தேன். வழிவிட்டு நகர்ந்தும் விட்டேன். பிறகு கையை நீட்டித் தடுத்தேன்.

"இரு தாயி. கேட்டுட்டு வாரேன்."

உள்ளே போய்க் கட்டில் பக்கத்தில் குனிந்து சொன்னேன். "எப்சிபா பிள்ள வந்துருக்கு. உன் புண்ணப் பாக்கணுங்கா. வரச் சொல்லட்டா?"

என்னையே பார்த்தாள். பிறகு இடது கையால் போர்வை நுனியைத் தேடிப் பிடித்து, இழுத்து, முகத்தை மூடிக்கொண்டாள். கை விரல் போர்வையை விடவில்லை.

வெளியே வந்து சொன்னேன். "வேண்டாங்கா தாயி."

பிள்ளை அழவில்லை. "சரி தாத்தா. அவிய சொன்னாச் சரி" என்றாள். வாசலில் நின்றபடியே எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். எண்ணெய் போடக் கூடாது. உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரால் கழுவ வேண்டும், தேய்க்கக் கூடாது. அந்தப் பக்கம் பாரம் படாமல் தலையணை முட்டுக் கொடுக்க வேண்டும். நாளைக்குக் காலையிலேயே சுகாதார நிலையத்தில் போய்ச் சொல்ல வேண்டும், வீட்டுக்கு வந்து கட்டுப் போடுவார்கள், தாமதிக்கக் கூடாது. சொல்லி முடித்துவிட்டு, "இப்ப நீங்க சொல்லுங்க" என்றாள். ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னேன்.

பழத்தை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டேன். உள்ளே போனேன். முகத்தில் போர்வை அப்படியே இருந்தது. நான் விலக்கவில்லை. அவளாக எடுக்கட்டும் என்று கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.